பாட்டியின் சிவப்பு ஐசி

போன வாரம் பினாங்கு ஜெலுத்தோங் வீட்டைக் காலி செய்தபோது, பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குள் அவருடைய பழைய சிவப்பு ஐசி கிடைத்தது. மலேசியாவில் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் அடையாள அட்டை அது. ஓரமெல்லாம் சுண்ணாம்பு. படத்தில் இருப்பது பாட்டிதான் என்று நாங்கள் சொன்னால்தான் தெரியும்.

பாட்டிக்கு நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிராமம். 1952இல் கல்யாணமான கையோடு தாத்தா அவரை ரஜூலா கப்பலில் ஏற்றி மலாயாவுக்குக் கூட்டி வந்துவிட்டார். 1926இல் கட்டியது அது. புதிதாக ஓடிய காலத்தில் டெக்கில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்றலாம் என்று அனுமதி இருந்ததாம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலை படகைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில் மேலே நிற்கிறவன் கையைப் பிடித்து இழுப்பானாம். “புடவையப் புடிக்கிறதா, ஏணியப் புடிக்கிறதா?” என்று சொல்லிக்கொண்டே இடது கையால் கொசுவத்தைப் பிடித்துக் காட்டுவார். எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் கை அதே இடத்துக்குத்தான் போகும். அப்புறம் டெக்கில் பாய் விரித்து இடம் பிடித்தது, வெங்காய மூட்டை வாசத்தில் வாந்தி எடுத்தது, யாருக்காவது அம்மை கண்டால் எல்லோரையும் பினாங்குக்குப் பக்கத்து ஜெரெஜாக் தீவில் இறக்கி அடைத்துவிடுவார்களே என்று பயந்தது.

தாத்தா பழைய ஆள். 1937இல் தோட்ட வேலைக்குக் கங்காணி ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கூட்டத்தில் ஒருவர். அடுத்த வருடமே இந்திய அரசாங்கம் அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. தீம்பாரில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால்மரம் சீவினார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடிபடாமல் தப்பினார். சண்டை முடிந்த பிறகு பினாங்குத் துறைமுகத்தில் தொங்காங் என்கிற சரக்குப் படகில் வேலை. பாட்டி வந்த மறு வருடம், 1953இல், புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து வழி குறுகிவிட்டது.

மலாயா சுதந்திரத்தை ஒட்டித் தாத்தா மனுப் போட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டார். குடிமகனின் மனைவியைப் பதிந்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. அவர் பதியவில்லை. “பொம்பளைக்கு எதுக்கு? அவ எங்க போகப்போறா?” என்றாராம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சிவப்பு ஐசி என்று பேச்செடுத்தால் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு எழுந்து போவதுதான் நம் வழக்கம். திட்டுவதற்கு நியாயமும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் முதல் தப்பு தாத்தாவுடையது.

1969 இனக்கலவரத்துக்கு அப்புறம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்றபோதுதான் சூடு உறைத்தது. பாட்டி கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த இடத்தில் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்குள் தாத்தாவும் இல்லை. பக்கத்து வீட்டுக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு அதே ரஜூலாவில் ஊர் திரும்பியது. பாட்டி திரும்பவில்லை, வடை சுட்டு விற்றார்.

1998இல் பாட்டிக்குக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டு, நேர்முகத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பாட்டிக்கு மலாய் தெரியாது என்று சந்தையில் யாரும் சொல்ல மாட்டார்கள். “மஹால் லா!”, விலை அதிகம் என்று அவர் முகத்தைச் சுளித்தால் மீன்காரர் தானாக விலையைக் குறைப்பார். ஆனால் அங்கே யாரும் மீன் விற்கவில்லை.

“நாட்டின் மாமன்னர் யார்?” என்று கேட்டார் அதிகாரி.

பாட்டி நிதானமாக முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நான்காக மடித்திருந்த ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டை எடுத்து, மேஜை மேல் வைத்து நீவிவிட்டு, அதில் இருந்த முகத்தை விரலால் தொட்டார். “இனி.” மலாயில் ‘இது’ என்று அர்த்தம்.

நோட்டில் இருப்பவர் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான். 1998இல் அரியணையில் இருந்தவர் துவாங்கு ஜாஃபார், அவருடைய மகன். அதிகாரி சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அடுத்து ருக்குன் நெகாராவை, நாட்டின் கோட்பாட்டு உறுதிமொழியை, சொல்லச் சொன்னார். பாட்டி பதில் பேசாமல் நோட்டை மடித்துத் திரும்ப முடிந்துகொண்டார்.

பஸ்ஸில் வரும்போது விஷயத்தை விளக்கினேன். “மகன்தானே? ஒரே வீடுதானே?” என்றார். ஒன்றரை வருடம் கழித்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. காரணம் எதுவும் போடவில்லை.

அதற்கு மேல் பாட்டி மனுப் போடச் சம்மதிக்கவில்லை. ஆனால் தேர்தல் என்றால் எங்களுக்கு முன்னால் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளிக்கூட வாசலில் மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போவோம். 2013இல்தான் முதல் தடவையாக விரலில் மை வைத்தார்கள். வெளியே வந்ததும் என் இடது கையைப் பிடித்து, முந்தானையால் அந்த விரலைத் துடைத்துப் பார்த்தார்.

“போகாதா புள்ள?”

“கொஞ்ச நாளைக்குப் போகாது பாட்டி” என்றேன். வீடு வரும்வரை கையை விடவில்லை.