காயலான் கடைக்குப் போன அரைவை மில்

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தால், அதன் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்து நல்ல விலைக்குப் போய்விடும். எங்கள் ஊர் அரைவை மில்லின் இயந்திரங்களைப் பிரித்தபோதோ எஞ்சின், ஷாஃப்ட், நெல்லின் உமி நீக்கும் ஹல்லர் அனைத்தும் காயலான் கடைக்கு எடைக்குத்தான் போயின. தூணுக்கு அழகு உண்டு என்று வாங்குபவருக்குத் தெரிகிறது. ஹல்லருக்கு வரலாறு உண்டு என்று விற்ற எங்களுக்கே தோன்றவில்லை.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு மரபு என்னும் சொல் இங்கே அடிக்கடி காதில் விழுகிறது. ஆயினும் பேச்சு பெரிய வீடுகளின் வளவு என்னும் உள்முற்றத்தையும் முகப்பையும் தாண்டுவது அரிது. ரஷ்யாவின் நிஷ்னி தகில் நகரில் 2003இல் ஏற்கப்பட்ட தொழில்மரபுச் சாசனமோ ஆலை, சுரங்கம், கிடங்கு, இயந்திரம் ஆகியவற்றோடு, வழக்கொழிந்த தொழில்களின் கைத்திறனையும் பதிவுசெய்து இளையோருக்குக் கடத்த வேண்டும் என்கிறது. கட்டடத்தைவிட இந்தக் கைத்திறனே முதன்மையானது என்பது என் கருத்து.

தரையில் பதிக்கும் வண்ணக் கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் போனால் இது விளங்கும். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருப்பது குழம்பின் பதத்தில் இருக்கிறது. அந்தப் பதம் எந்த ஏட்டிலும் இல்லை. மேலே மணலும் சிமெண்டும் இட்டு மட்டப்படுத்தி, உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்தால் கல் தயார். சூளையும் இல்லை, சுடுவதும் இல்லை. முகத்தின் வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது. இன்றும் வீடு கட்டுவோர் கேட்டு வாங்குவதால்தான் இத்தொழில் நிற்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைக்கும் தறி ஓடினால்தான் வாழ்வு.

அந்த வாய்ப்பு மில்லுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனியில், 1986இல் மூடிய சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கத்தின் கொதிகலன் கூடத்தை அருங்காட்சியகமாக்கினார்கள். நம் ஊருக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? இருப்பினும் உமி எரித்து நெல் அவித்த புகைபோக்கியும் காயப்போட்ட களமும் இன்னும் எங்கள் ஊரில் நிற்கின்றன. மில் கட்டடத்தின் கூரையை மாற்றினால் ஆத்தங்குடிக் கல் செய்யவோ தறி வைக்கவோ அவ்விடம் போதும்.

அங்கே வேலை பார்த்த பெரியவரைப் போன மாதம் களத்துக்கு அழைத்துச் சென்றேன். அவித்த நெல் காய்ந்ததா என்று எப்படி அறிவீர்கள் ஐயா என்று கேட்டதற்கு, "ஒரு மணியைப் பல்லுல கடிச்சுப் பாரு தம்பி, நசுங்குனா இன்னும் வெயில் வேணும், டக்குன்னு ஒடைஞ்சா அள்ளிரலாம்" என்றார். இதை அலைபேசியில் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். இடத்தின் பட்டாவில் பங்காளிகள் பதினொரு பேர். பழுதுபார்க்கச் சம்மதித்து இதுவரை நான்கு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.