மலைத் தண்ணீரும் மண் தண்ணீரும்

குடியாத்தம் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் சைட் இன்ஜினியராக இருந்தேன். வெட்டுகிற கல்லில் பிளாக்காகத் தேறுவது கொஞ்சம்தான். மேல்மண், உடைசல், தூள் என்று மிச்சமெல்லாம் மலையடியில் டம்ப்பாகக் குவியும். எங்கள் டம்ப் சுமார் 2 ஹெக்டேர். அதற்குக் கீழே ஒரு ஓடை, வயல்கள், அப்புறம் ஊர் ஏரி.

2020 நவம்பர் 26, நிவர் புயல் கரையைக் கடந்த நாள். மழை கொஞ்சம் விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். டம்ப்பின் அடியில், மழையில் கரைந்து வரும் மண் தங்குவதற்காக வெட்டியிருந்த படிவுக்குட்டையின் கரை அறுந்து, செம்மண் குழம்பு ஓடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓடையை ஒட்டிய சம்பா வயலில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. வயல்காரப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“குட்டையைப் பெரிசாக்கிடறோம், ஐயா” என்றேன்.

“பெருசாக்கி இன்னா பண்ணுவ தம்பி? மலைத் தண்ணி எதுக்கு உன் மண்ணு மேல ஏறுது? அத அந்தாண்ட கானாத்துல உட்டுடு.”

அன்றிரவு கணக்குப் போட்டேன். 1 ஹெக்டேரில் 50 மி.மீ. மழை பெய்தால் 500 கன மீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர். எங்கள் குட்டை கொள்வது 400 கன மீட்டர். டம்ப்பின் மேல் விழும் மழைக்கே அது போதாது. அதற்கு மேலே ஏறக்குறைய 10 ஹெக்டேர் மலைச்சரிவு இருக்கிறது, பெரும்பாலும் மொட்டைப்பாறை. அதில் விழும் நல்ல தண்ணீர் முழுவதும் எங்கள் மண்ணில் ஏறி, அதைக் கரைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. படித்த நான் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மலையைப் பார்த்தார்.

குட்டைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மேஜையில் வைத்தேன். மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிட்டது. மறுநாளும் மேலே டீ நிறம் போகவில்லை. 0.1 மி.மீ. மணல் 1 மீட்டர் இறங்க இரண்டு நிமிஷம் ஆகும். 0.002 மி.மீ. களிமண் துகளுக்கு அசையாத தண்ணீரிலேயே மூன்று நாள் வேண்டும். புயல் மழையில் எந்தக் குட்டையிலும் தண்ணீர் மூன்று நாள் அசையாமல் நிற்காது. களிமண் தண்ணீரில் கலந்தபின் பிடிப்பது பெரும்பாடு; கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

நிர்வாகம் முதலில் சம்மதிக்கவில்லை. கல் எடுக்காத இடத்தில் ஹிட்டாச்சி ஓடினால் அவர்கள் கண்ணுக்கு அது வெட்டிச்செலவு. வயல்காரருக்குக் கொடுத்த நஷ்டஈட்டுத் தொகையைக் காட்டித்தான் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.

2021 கோடையில் டம்ப்புக்கு மேலே, சரிவை ஒட்டி ஒரு கால்வாய் வெட்டினோம். மலைத் தண்ணீர் டம்ப்பைத் தொடாமல் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கானாற்றில் சேரும்படி. தண்ணீர் தரையை அரிக்காமலிருக்க, கால்வாய் முழுக்க எங்கள் உடைசல் கல்லையே பரப்பினோம். இறக்கமான இடங்களில் கல்லைப் படியாக அடுக்கினோம். டிப்பர் கொட்டிய மண் தானாக 37 டிகிரி சரிவில் நிற்கும்; அதை 28 டிகிரிக்குக் குறைத்து, நடுநடுவே படி விட்டோம். ஒவ்வொரு படியும் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்தால் ஒரே மழையில் விளிம்பு பிய்ந்துவிடும். சரிவில் கொழுஞ்சி, ஆவாரை விதை தூவி, குறுக்காக வெட்டிவேர் நட்டோம்.

அந்த நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் வேலூர்க்காரர்களுக்கு மறக்காது. அன்று மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கால்வாய் ஓரமாக நடந்தேன். மேல் கால்வாயில் தண்ணீர் தரைக்கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக ஓடியது. குட்டையில் செந்தண்ணீர்தான், ஆனால் டம்ப்பில் விழுந்தது மட்டும், பெரிதாக்கிய கரைக்குள் நின்றது. மழை விட்டபின் படிகாரம் கலந்து, தெளிந்த பிறகே திறந்துவிட்டோம். வெட்டிவேர் தாமதமாக நட்ட ஒரு மூலை மட்டும் சரிந்தது. அதை மறுபடி கட்டினோம்.

பெரியவர் மழை விட்டதும் ஏறி வந்து கால்வாயை முழுக்க நடந்து பார்த்தார். “இதுல சருகு அடைச்சுக்கும் தம்பி. ஆனி பொறக்கறதுக்குள்ள வாரிடணும்” என்றார். வேலூரில் தென்மேற்குப் பருவமழையும் நன்றாகவே பெய்யும் என்பதால், அங்கே இருந்தவரை வைகாசிக் கடைசியில் நான்கு ஆளை விட்டு வாரினேன்.