பிடிமண்

புதுக்கோட்டைப் பக்கம் நமணசமுத்திரம் அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தேன். வழிநெடுக மண் குதிரைகள். ராத்திரியில் அய்யனார் இதில் ஏறித்தான் ஊர் எல்லையைச் சுற்றி வருவார் என்று அப்பத்தா சொல்லிச் சின்ன வயதில் நடுங்கியது ஞாபகம் வந்தது.

அப்புறம் இந்தக் குதிரைகளைச் செய்யும் குயவர், ஒரு வேளாரைப் பார்த்தேன். மண் குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்கு எடுத்துவரும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு முன்னால் ஊரார் ஒரு பிடிமண் கொடுத்தால்தான் வேலையைத் தொடங்குவாராம். மண்ணோடு மணலும் வைக்கோலும் கலந்து, முதலில் நாலு கால்கள். உள்ளே வெற்றுக் கூடுதான். கால் கொஞ்சம் இறுகிய பிறகுதான் வயிறு. அவசரப்பட்டால் எல்லாம் உட்கார்ந்துவிடும். தலை கடைசி. கழுத்து மணிகளை மட்டும் அரைமணி நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். சுட்டு, வர்ணம் அடித்துக் கண் திறக்கும்வரை அது வெறும் மண்தான்.

இதை ‘கைவினை’ என்று தனியாக ஒதுக்கிவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சிற்பி என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

உடைந்த பழைய குதிரைகளை யாரும் அப்புறப்படுத்துவதில்லை, அங்கேயே மண்ணாகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்றின் காலுக்குள் எட்டிப் பார்த்தேன். யாருடைய கட்டைவிரல் தடமோ, வரிவரியாக அப்படியே இருந்தது.