எலும்புக்கூடும் மகிமை மாதாவும்

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார். போய்வந்த மிஷன் கோயில், அதாவது வெளியிலிருந்து வேதம் பரப்ப வந்தவர்கள் வைத்த கோயில், ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதணுமாம். மகளுக்குப் பத்து வயது, இந்த வருஷம் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்குகிறாள்.

"நம்ம ராயப்பர் கோயிலையே எழுதேன்டி. 1829ல படகுக்காரங்க, நம்ம முப்பாட்டனுங்க, கட்டினது."

"அது நம்ம கோயில்ப்பா. மிஷன் இல்ல."

இதுக்கு மேல இன்னா பேசறது? சனிக்கிழமை விடியக்காலை அஞ்சரைக்கு ஸ்ப்ளெண்டரை எடுத்தேன். பழவேற்காடு. ராயபுரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் எங்கம்மா செத்த பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை.

காசிமேட்டில் ஏலச் சத்தம், அப்புறம் எண்ணூர் ரோட்டில் வலதுபக்கம் கடல், இடதுபக்கம் கன்டெய்னர் லாரி. பின்னால் உட்கார்ந்து லாரியை எண்ணிக்கொண்டே வந்தாள். அறுபத்து மூன்றோடு விட்டுவிட்டாள். எர்ணாவூரில் திரும்பி மணலி தாண்டும்வரை என் முதுகில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள். அந்த ஆலை நாற்றம் எனக்குப் பழக்கம், தெரியவே இல்லை.

மீஞ்சூரில் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. பஞ்சர் கடை திறக்க முக்கால் மணி நேரம். அதற்குள் ரெண்டு பன் பட்டர், ஒரு டீ, அவளுக்கு ஒரு பால். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி, முட்டை விட்ட இடத்தை அவளையே கண்டுபிடிக்கச் சொன்னார். வழியில் அவள் ரொம்ப சந்தோஷப்பட்டது அங்கேதான்.

பொன்னேரி தாண்டினால் வயல். திருப்பாலைவனம் தாண்டினால் காற்றில் உப்பு.

மகிமை மாதா கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நான் கொஞ்ச நேரம் உள்ளே போகாமலே நின்றேன். 1515ல் போர்த்துக்கீசியர் வைத்த கோயில் என்று அம்மா பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லுவாள். அப்போது இருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள். இடிப்பதைப் பேப்பரில் படித்ததுதான், தெரியும்தான். அந்தச் சுவரில் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். சின்ன வயசில் பூசை முடியும்வரை அங்கேயே சாய்ந்து நிற்பேன். இப்போது சாய இடமில்லை. பளிங்கு வழுக்குகிறது.

அவள் ரெண்டு மெழுகுவர்த்தி வாங்கினாள். ஒன்று ஆயாவுக்கு. இன்னொன்று?

"பஞ்சர் கடை அண்ணாவுக்கு."

அதற்கப்புறம் டச்சுக்காரர் கல்லறை. வாசலில் ரெண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பார்கள். பயப்படுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் விலா எலும்பை எண்ண ஆரம்பித்துவிட்டாள். போர்த்துக்கீசியருக்கு அப்புறம் வந்தவர்கள் இவர்கள், 1613ல் கெல்ட்ரியா என்று கோட்டை கட்டித் துணி வாங்கி ஏற்றுமதி செய்தார்கள் என்றேன். கோட்டை எங்கே என்றாள். புதர் மண்டிய ஒரு மேட்டைக் காட்டினேன்.

"மெட்ராஸ் எப்பப்பா வந்துச்சு?"

"1639."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அப்ப மாதா கோயில் நூத்தி இருவத்தி நாலு வருஷம் மூத்தது. இங்கருந்துதான் அங்க மிஷன் போயிருக்கணும்."

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டுப் பார்த்ததில்லை.

ஏரிக்கரையில் நண்டு வாங்கினோம், கொடுக்கைக் கட்ட நூல் போதாமல் பை முழுக்க நகர்ந்துகொண்டே வந்தது. வீட்டில் பையைத் திறந்தவுடன் ஒன்று அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. பெண்டாட்டி பேசியதை இங்கே எழுத முடியாது.

ராத்திரி நோட்டைப் பார்த்தேன். கோயிலுக்கு நாலு வரி. மீதிப் பக்கம் முழுக்க எலும்புக்கூடு, விலா எலும்பு ஒன்றுகூடக் குறையாமல். கீழே சின்ன எழுத்தில்: அப்பா ஒரு சுவர் தேடினார், கிடைக்கவில்லை.

சிஸ்டர் இன்னும் திருத்தித் தரவில்லை.