வாய் திறக்காத தராசு

ஒருவழியாக இன்றைக்கு வாயைத் திறந்தாள் மகராசி. நம்ம லேப் தராசுதான், வேறு யார்? டிஸ்ப்ளேயில் எடை ஜம்மென்று தெரியும். கம்ப்யூட்டர் கேட்டால் மட்டும் மௌன விரதம். பதிலுக்குக் காத்திருந்த நேரம் தீர்ந்தது என்று புரோகிராமில் டைம்அவுட், டைம்அவுட், மறுபடியும் டைம்அவுட்.

வழக்கம்போல முதல் பழி கேபிள் மேல். கருவியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஆர்எஸ்-232 முறை, 1960-இல் வந்த கிழம். பிளக்கின் ஒன்பது முள்ளில் பெரும்பாலும் மூன்றுக்குத்தான் வேலை: 2, 3, 5. அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்ட் ஒன்று. சில கருவிகளுக்கு நேர் கேபிள், சிலவற்றுக்கு 2-ஐயும் 3-ஐயும் மாற்றிக் கட்டிய நல்-மோடம் கேபிள். டிராயர் நிறைய இரண்டு ஜாதியும் கலந்து கிடக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து லேபிள் ஒட்ட இரண்டு நிமிஷம் ஆகாது. ஒட்டினால் லேப் தர்மம் என்னாவது?

அடுத்த பழி செட்டிங் மேல். இந்தப் பக்கம் வேகம் 9600, எழுத்துக்கு 8 பிட், பிழை பார்க்கும் கூடுதல் பிட்டான பாரிட்டி இல்லை. அந்தப் பக்கம் 7 பிட், ஈவன் பாரிட்டி என்றால் திரையில் கோழிக் கிறுக்கல்தான் வரும். கிறுக்கல் வந்தால் சந்தோஷப்படுங்கள், கம்பி நல்ல கம்பி. கட்டளை முடிவில் "வரி முடிந்தது" என்று சொல்லும் சிஆர், எல்எஃப் குறிகள் இரண்டும் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். போகாவிட்டால் "இன்னும் ஏதோ சொல்ல வருகிறான்" என்று தராசு மரியாதையாகக் காத்துக்கொண்டே இருக்கும். யுஎஸ்பி அடாப்டரை யாராவது வேறு ஓட்டையில் செருகியிருந்தால் போர்ட்டின் பெயர் காம்3-இலிருந்து காம்7 ஆகியிருக்கும், அது தனி ராமாயணம்.

இங்கே இதெல்லாம் சரியாகவே இருந்தது. குற்றவாளி தலைக்கு மேலே, ஏசி.

புரோகிராம் அனுப்பியது "எஸ்" கட்டளை. "எடை நிலைத்ததும் சொல்" என்று அர்த்தம். தராசின் கண்ணாடிக் கதவை அரைகுறையாக மூடிவிட்டுப் போனார்கள் புண்ணியவான்கள். ஏசிக் காற்றில் கடைசி இலக்கம் 3, 7, 4 என்று ஆடிக்கொண்டே இருக்க, தராசு நேர்மையாக வாயை மூடிக்கொண்டிருந்தது. கருவிகளோடு பேச உதவும் பைத்தான் லைப்ரரியான பைவிசாவின் வழக்கமான டைம்அவுட் 2000 மில்லிசெகண்ட். அதற்குள் காற்று நிற்குமா?

இதைவிடக் கொடுமை, பதில் லேட்டாக வந்து, படிக்கப்படும்வரை காத்திருக்கும் இடமான பஃபரில் உட்கார்ந்துகொள்வது. அடுத்த கேள்விக்குப் பழைய பதில் போகும். இரண்டாம் சாம்பிளுக்கு முதல் சாம்பிளின் எடை, மூன்றாவதற்கு இரண்டாவதன் எடை. எல்லாமே நம்பும்படியான எண்கள், அதனால் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் பஃபரைக் காலி செய்தே ஆக வேண்டும். "எஸ்ஐ" அனுப்பினால் உடனே பதில் உண்டு. ஆனால் அந்தப் பதிலின் இரண்டாவது எழுத்து "டி" என்றிருந்தால் எடை இன்னும் ஆடுகிறது என்று பொருள். அதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் உருவி எக்செலில் போடும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது டைம்அவுட் 15 செகண்ட், பஃபர் காலி, கதவு மூடல். ஏசிக் காற்றைத் திருப்பிவிடச் சொல்லி மெயின்டனன்ஸுக்கும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவர்களுக்கு என்ன டைம்அவுட் வைப்பதென்றுதான் தெரியவில்லை.