மரிக்கொழுந்துப் பாசியின் குறுக்குவெட்டு: ஒருவழியாக வந்துவிட்டது

ஜெலிடியெல்லா அசெரோசா என்ற கடற்பாசியின் குறுக்குவெட்டு ஒருவழியாகக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் படிந்துவிட்டது. ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்க் கரையில் ஒதுங்கிக் கிடந்த மரிக்கொழுந்துப் பாசிதான். மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் போகவில்லை. அவை தேசியப் பூங்கா; அதற்குள் ஒரு கிளையைக்கூடப் பறிக்கக் கூடாது.

பாசி எடுக்கும் பெண்கள் இதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வளைந்த விறைப்பான தண்டு, இருபுறமும் சீப்புப் பல்போலக் குட்டைக் கிளைகள், செம்பாசி என்று பெயர்தான், வெயில்பட்டுப் பழுப்பேறிய மஞ்சள் நிறம். அடையாளத்தில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் உலர்ந்த மாதிரியை ஒட்டிவைக்கும் ஒட்டுத்தாளில் பேரினத்தை எழுதுவதானால் உள்ளே பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். ஜெலிடியம் என்ற நெருங்கிய பேரினத்தில் ரைசின் என்ற தடித்த சுவருள்ள நுண்ணிழைகள் உண்டு, ஜெலிடியெல்லாவில் கிடையாது. ‘உண்டு’ என்று காட்ட ஒரு வெட்டு போதும். ‘இல்லை’ என்று எழுதத்தான் உயிர் போகிறது. தடிமனான வெட்டில் எதுவுமே தெரியாது. அதை வைத்து ‘ரைசின் இல்லை’ என்றால் யார் ஒப்புவார்கள்?

நீரில் நன்றாக ஊறிய தண்டு ரப்பர் மாதிரி, பிளேடு பட்டதும் வளைந்து நழுவுகிறது. கேரட் துண்டுக்குள் செருகினால் கேரட்தான் அழகாக வெட்டுப்படுகிறது! கைகொடுத்தது அரைகுறை ஈரம்: உலர்ந்த தண்டைச் சற்றே நனைத்து, விறைப்பு முழுதாகப் போவதற்குள் வெட்டி, சீவல்களை நீரில் போட்டு உப்பவிட வேண்டும். நுனியை விட்டுவிட்டு நடுத்தண்டில் வெட்டுங்கள். ஜெலிடியத்திலேயே நுனிப்பக்கம் ரைசின் சரியாகத் தெரியாது. பிளேடை அடிக்கடி மாற்ற வேண்டும், அதில் கஞ்சத்தனம் ஆகாது. அனிலின் நீலச் சாயம் ஏற்றி, பக்கத்திலேயே ஜெலிடியம் புசில்லத்தின் வெட்டையும் வைத்துப் பார்த்தேன். அதில் செல்களுக்கிடையே பளிச்சென்ற சிறு புள்ளிகள், அவைதான் ரைசின். இதில் வெறும் செல்கள். நிம்மதி.

இனிப் பெயர்ச்சீட்டு. இதற்கு முதலில் பெயர் வைத்த இயற்கை ஆய்வாளர் ஃபோர்ஸ்கால் 1763இல் ஏமனில் காய்ச்சலில் இறந்தார். அவருடைய குறிப்புகளை உடன் பயணித்த நீபூர் 1775இல் அச்சேற்றினார். அதில் இது ஃபியூகஸ் அசெரோசஸ். அந்தக் காலத்தில் கடற்பாசி பெரும்பாலும் ஃபியூகஸ்தான். பிறகு கூட்சிங் 1843இல் எக்கினோகோலான் என்று பேரினம் வைத்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு நிலத்தாவரக் கூட்டத்துக்குப் போயிருந்ததால் செல்லவில்லை. 1934இல் ஃபெல்ட்மனும் ஹாமெலும் ஜெலிடியெல்லாவைக் கொண்டுவந்தார்கள். ஆகவே என் சீட்டில்: ஜெலிடியெல்லா அசெரோசா (ஃபோர்ஸ்கால்) ஃபெல்ட்மன் & ஹாமெல். முதலில் பெயர் வைத்தவர் என்று காட்டும் ஃபோர்ஸ்காலின் அடைப்புக்குறியை விட்டுவிட்டு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சீட்டு தயார், மாதிரிதான் தாளில் ஒட்டவில்லை. மெல்லிய பாசிகள் தங்கள் பசையிலேயே ஒட்டிக்கொள்ளும்; இது கம்பி, உலர்ந்ததும் எழும்பி நிற்கிறது. தைக்கலாமா, காகிதப் பட்டை போடலாமா என்று யோசனை. வழக்கமாகத் தாள் வாங்கும் கடையில் இப்போது தருவது ஈரம் பட்டதும் சுருள்கிறது. அமிலமற்ற தடித்த தாள் சில்லறையாகக் கிடைக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

அதற்குள் கஞ்சிப்பாசி என்ற இன்னொரு கடற்பாசியையும் ஊறப்போட்டுவிட்டேன். அது இன்னும் பெரிய வம்பு: க்மெலின் 1768இல் வைத்த ஃபியூகஸ் எடுலிஸ், 1952இல் சில்வாவின் கையில் கிராசிலேரியா எடுலிஸ், 2004இல் ஹைட்ரோபன்ஷியா எடுலிஸ். பின்னிரண்டு பெயரும் புழங்குகின்றன. சீட்டில் இப்போதைக்குப் பென்சிலில்தான் எழுதுவேன்.