பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர்

என் பெயர் இசக்கியம்மாள். இனிஷியல் எஸ். இருபது வருடம் இதில் ஒரு சிக்கலும் இல்லை. மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும்போது, எழுதிய புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் மாணவர் சலுகைக்கு விண்ணப்பித்தேன். அப்போதுதான் என் பெயரில் எத்தனை கோளாறு இருக்கிறது என்று தெரிந்தது.

சீனியர் அக்கா ஒருவர்தான் இதைச் சொன்னார். மாணவர் என்று நிரூபித்துவிட்டால் 'ஸ்டூடன்ட் டெவலப்பர் பேக்' என்று ஒரு தொகுப்பே தருவார்களாம். காசு கொடுத்து வாங்கவேண்டிய பல கருவிகள் அதில் இலவசம். 2014-லிருந்தே கொடுக்கிறார்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் மட்டும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதுவும் பிளேஸ்மென்ட் வகுப்பில் எல்லாரையும் உட்காரவைத்துத் தொடங்கச் சொன்னதால்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் முதல் கட்டத்தில் முதல் பெயர், அடுத்த கட்டத்தில் கடைசிப் பெயர் கேட்கிறார்கள். நமக்கு ஏது கடைசிப் பெயர்? வெறும் 'எஸ்' என்று போட்டால் சில தளங்கள் ஏற்பதில்லை, இரண்டு எழுத்தாவது வேண்டும் என்கின்றன. அதனால் லிங்க்ட்இன்னில் அப்பா பெயரைப் போட்டேன்: சுடலைமுத்து. கிட்ஹப்பில் இசக்கியம்மாள் மட்டும். கல்லூரி அடையாள அட்டையில் இசக்கியம்மாள் எஸ். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் என் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ஈ' எழுத்தில் தொடங்கும், ஆதாரில் 'ஐ' எழுத்தில். எங்கள் பக்கம் பாதி இசக்கிகளுக்கு இந்தக் கதைதான்.

விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. காரணத்தையும் எழுதியிருந்தார்கள், தப்பெல்லாம் என்னுடையதுதான். கணக்கில் இருந்த பெயரும் அட்டையில் இருந்த பெயரும் வேறு வேறு. அட்டையில் '2022–2026' என்று பேட்ச் மட்டும்தான் இருந்தது. இப்போது படிக்கிறேன் என்று காட்டும் தேதி அதில் இல்லை. போதாததற்கு நான் ஸ்டடி ஹாலிடேஸில் சங்கரன்கோவில் வீட்டிலிருந்து விண்ணப்பித்திருந்தேன். இருப்பிடத்தையும் பார்க்கிறார்கள், கல்லூரிக்கு வெகுதூரத்தில் இருந்தால் அதுவும் சந்தேகம். சரி, ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

திரும்பியதும் முதல் வேலையாகக் கல்லூரி மின்னஞ்சலைத் தேடினேன். 'ஏசி டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை எர்நெட் என்ற அரசு அமைப்பு வழியாகக் கல்வி நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடியும் என்பதால் பல தளங்கள் அதைப் பார்த்ததும் பாதி நம்பிவிடுகின்றன. எங்கள் கல்லூரியில் முகவரி எல்லாருக்கும் இருந்தது, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. லேப் சாரிடம் இரண்டு நாள் நடந்து வாங்கினேன். உள்ளே போனால் வெளியிலிருந்து வரும் மெயில் எதுவும் சேரவே இல்லை. மாணவர் கணக்குகளுக்கு வெளி மெயிலைத் தடுத்து வைத்திருந்தார்களாம். அதைத் திறந்துவிட ஒரு கடிதம், துறைத் தலைவர் (எச்ஓடி) கையெழுத்து, இன்னும் நான்கு நாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி முகவரியை மட்டும் வைத்து எங்கும் கணக்குத் தொடங்காதீர்கள். படிப்பு முடிந்தால் அது போய்விடும், கூடவே நான்கு வருட வேலையும் பூட்டிக்கொள்ளும். சொந்த ஜிமெயிலில் தொடங்கி, கல்லூரி முகவரியை இரண்டாவதாகச் சேர்த்தால் போதும். கிட்ஹப், லிங்க்ட்இன் இரண்டிலுமே ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி சேர்க்கலாம்.

அடுத்து போனஃபைடு சான்றிதழ், அதாவது இவர் எங்கள் மாணவர்தான் என்று கல்லூரி எழுதித் தரும் தாள். ஆபீஸில் சார் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கும்மா? ஸ்காலர்ஷிப்பா, பேங்க் லோனா?"

"வெப்சைட்டுக்கு சார்."

"வெப்சைட்டுக்கா?"

அவரிடம் இருந்த அச்சு வடிவத்தில் அப்படி ஒரு நோக்கமே இல்லை. 'கல்விக் கடன் பெறுவதற்காக' என்று அடித்தே கொடுத்துவிட்டார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு, அப்புறம் பயம். மறுபடி வரிசையில் நின்று, 'மாணவர் என்பதைச் சரிபார்ப்பதற்காக' என்று மாற்றி வாங்கினேன். முழுப்பெயர், படிப்பு, நடப்புக் கல்வியாண்டு, வழங்கிய தேதி, முத்திரை எல்லாம் இருந்தது. ஆங்கிலத்தில் அப்பா பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னேன்.

அதோடு எல்லா இடத்திலும் ஒரே பெயர் என்று முடிவு செய்தேன்: 'ஐ'-யில் தொடங்கும் இசக்கியம்மாள், பின்னால் சுடலைமுத்து. லிங்க்ட்இன், கிட்ஹப், ரெஸ்யூமே மூன்றிலும் இதுதான். கிட்ஹப்பில் பில்லிங் பக்கத்திலும் முழுப்பெயர் போடவேண்டும். காசே கட்டப்போவதில்லையே என்று நான் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. கார்டு எண் எதுவும் தேவையில்லை, பெயரும் முகவரியும்தான்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டேன், பாஸ்வேர்டோடு போன் ஆப் காட்டும் குறியீட்டையும் கேட்கும். மீட்புக் குறியீடுகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்தேன். ரூம்மேட் கேலி செய்தாள். அடுத்த மாதம் ஹாஸ்டல் மாடிப்படியில் போன் விழுந்து டிஸ்பிளே போனது, குறியீடு காட்டும் ஆப் அதற்குள் மாட்டிக்கொண்டது. அந்தத் தாள்தான் உள்ளே விட்டது.

இரண்டாவது விண்ணப்பத்தைக் கல்லூரி லைப்ரரியில் உட்கார்ந்து, வெளிச்சமான ஜன்னலோரம் சான்றிதழைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினேன். இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் வேகமாக நடந்தது. புரோகிராம் எழுத உதவும் ஜெட்பிரெயின்ஸ் மென்பொருள்களுக்கு ஒரு வருட மாணவர் உரிமம் வாங்கினேன். படிக்கும்வரை வருடா வருடம் புதுப்பிக்கலாம். மெக்கானிக்கல் படிக்கும் ரூம்மேட்டும் கேலியை நிறுத்திவிட்டு ஒரு போனஃபைடு வாங்கி வந்தாள். ஆட்டோடெஸ்க் தளத்தில் அவளுக்கு ஆட்டோகேட், ஃபியூஷன் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் இரண்டும் கிடைத்தன. அதுவும் ஒரு வருடம், பிறகு புதுப்பிக்கவேண்டும்.

இதற்கெல்லாம் நான் செலவழித்தது ஜெராக்ஸ் காசு மட்டும். ஆனால் இடையில் ஒரு தளம், இன்டர்ன்ஷிப் தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருவோம் என்றது. என் வகுப்பில் இரண்டு பேர் கட்டினார்கள். பணமும் வரவில்லை, இன்டர்ன்ஷிப்பும் வரவில்லை. நானும் கட்டியிருப்பேன். அன்றைக்கு அக்கவுண்டில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு பக்கவிளைவு. லிங்க்ட்இன்னில் புதிதாகப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் 'ஹாய் சுடலைமுத்து' என்று தொடங்குகிறார்கள். விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா என் போனைப் பார்த்துவிட்டார்.

"என்னட்டி, எம்பேரப் போட்டு வந்திருக்கு?"

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றேன். "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு, சம்பளம் எவ்வளவு என்றும் விசாரித்தார்.